சூத்தையில்லாத பல்

ஆண்டுதோறும் மார்ச் மாதம் 21ஆம் திகதி நெருங்கியதும் பத்திரிகை அலுவலகங்களுக்கு ஒரே விதமான படங்கள் வந்து சேரும். சோடி சேராத வண்ணக் காலுறைகளை அணிந்த பிள்ளைகள், சிரிக்கும் பிள்ளைகள், பலூன் பிடித்த பிள்ளைகள். மனிதனின் 21ஆவது நிறமூர்த்தம் இரண்டாக இருப்பதற்குப் பதில் மூன்றாக இருப்பதே டவுன் சின்ட்ரோம் என்பதனால், மூன்றாம் மாதத்தின் இருபத்தோராம் நாள் அதற்குரிய நாளாயிற்று. 2012இலிருந்து ஐக்கிய நாடுகள் சபையும் அதனைக் கடைப்பிடித்து வருகின்றது. முப்பது ஆண்டுகளாகச் செய்தி மேசையில் இருந்தவன் என்ற வகையில் அந்தப் படங்களை நான் நன்கறிவேன். அவற்றில் நாற்பது வயதுக்காரர் ஒருவரையேனும் கண்டதாக எனக்கு நினைவில்லை.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. இங்கிலாந்து மருத்துவர் ஜோன் லாங்டன் டவுன் 1866இல் இந்நிலையை விபரித்த காலத்திலும், அதற்குப் பின் நெடுங்காலமாகவும், இப்பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிள்ளைகளாகவே இறந்து போனார்கள். பாதிப்பேர் அளவில் இருதயக் குறைபாட்டோடு பிறப்பவர்கள். சளிச்சுரம் ஒன்றே போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் 1983இல்கூட அவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள்தான். இன்று வளர்ச்சியடைந்த நாடுகளில் அது 60ஐ எட்டியிருக்கின்றது. ஒரு தலைமுறைக்குள் ஆயுள் இரட்டிப்பாகியது. ஆனால் அவர்களுக்கென்று உருவான பாடசாலைகள், சிகிச்சை நிலையங்கள், நமது மனப்படங்கள் அனைத்தும் பிள்ளைகளின் அளவிலேயே நின்று விட்டன.

(டவுன் அவர்கள் இட்ட பெயர் ஓர் இனத்தாரை இழிவுபடுத்துவதாக இருந்தது. மொங்கோலியா கேட்டுக்கொண்டதன் பேரில் 1965இல் உலக சுகாதார நிறுவனம் அதனைக் கைவிட்டது. நம் தமிழிலும் மந்தபுத்தி என்பதில் தொடங்கி, ஊனமுற்றோர், வலது குறைந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளிகள் என்று பெயர்களை மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றோம். பிரதி திருத்தும் மேசையில் இப்பெயர்களுக்காக நடந்த வாக்குவாதங்கள் எத்தனையோ. அவர்களின் வாயைத் திறந்து பார்த்தவர்கள்தாம் குறைவு.)

இந்த வாய் விடயத்தைத்தான் இன்று எழுத விரும்புகின்றேன்.

என் பெரியம்மாவின் கடைசி மகனுக்கு டவுன் சின்ட்ரோம். வயது நாற்பத்தேழு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமத்தில் தன் அக்காவின் வீட்டில் வாழ்கின்றான். எங்கள் பகுதியில் வீடு வளவு பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும் என்பது வெளியூர் வாசகர்கள் சிலருக்குத் தெரியாதிருக்கலாம். மணமாகாத ஆண்பிள்ளைக்குத் தாய் போன பின் இருப்பிடம் சகோதரியின் வீடுதான். ஆகவே அவனுக்குத் தாயும் அவளே. எனக்கு அவள் தங்கை முறை. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே அவன் ‘தம்பி’.

தம்பி நல்ல சாப்பாட்டுக்காரன். எருமைத் தயிரும் சோறும் என்றால் இரண்டு கோப்பை. வாவி நண்டை ஓட்டோடு கடித்து உறிஞ்சுவதில் அவனுக்கு நிகரில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணன், தம்பி சோறு தின்னுறான் இல்ல. குழைச்சுக் குடுத்தாலும் துப்புறான். மறுகா கன்னத்தில கையால அடிக்கிறான்.”

முதலில் நண்டை விட்டிருக்கின்றான். பிறகு முறுக்கு, கச்சான். பிறகு இறைச்சி. ஒவ்வொன்றாக விலகியதால் வீட்டார் கவனிக்கவில்லை. வயது போகின்றது, வாய்க்கு ருசி மாறுகின்றது என்று எண்ணினார்கள். ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்து, சாரம் இடுப்பில் நில்லாத நிலை வந்த பின்னரே பயம் பிடித்தது. கண்ணூறு கழித்தார்கள், நூல் கட்டினார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள், விற்றமின் பாணி வாங்கினார்கள். இரத்தம் சோதித்தார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைரொயிட் குறைபாடு அடிக்கடி வரும் என்பதால் அது அவசியமான சோதனைதான். ஆனால் அது சரியாக இருந்தது. பல்லை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

“பல்லுக்கு ஒண்டுமில்ல அண்ணன். ஒரு சூத்தையும் இல்ல. வெள்ளை வெளேரெண்டு இருக்கு.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இக்கட்டுரை. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பற்சூத்தை மற்றவர்களைவிடக் குறைவாகவோ, அதே அளவிலோதான் காணப்படுகின்றது என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. பற்கள் தாமதமாக முளைக்கின்றன. சில பற்கள் முளைப்பதேயில்லை. முளைப்பவையும் சிறியவை, இடைவெளி விட்டு நிற்பவை. சூத்தைக்கு இது அவ்வளவு வசதியான இடமன்று. அவர்களின் பகை முரசு நோய். முரசுக்கும் பல்லுக்கும் இடையில் படியும் அழுக்கு காறையாக இறுகி, முரசு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, ஒரு குறையும் இல்லாத வெள்ளைப் பல் வேரோடு ஆடத் தொடங்கும். எல்லோருக்கும் வரக்கூடிய நோய்தான் இது. ஆனால் இவர்களுக்கு இளமையிலேயே தொடங்கி, வேகமாகப் பரவி, கீழ்வரிசை முன்பற்களையே பெரும்பாலும் முதலில் பறித்துக்கொள்கின்றது. நோயெதிர்ப்பு அணுக்கள் பிறரில் போல் வேலை செய்யாமை ஒரு காரணம். பல்லின் வேர் கட்டையாக இருப்பது இன்னொன்று. வாயால் மூச்சு விடுவதனால் முரசு காய்ந்து போவது, இரவில் பல்லை நறநறவென்று கடிப்பது, தூரிகையைச் சரியாகப் பிடிக்க விரல்கள் இணங்காமை, இவையும் சேர்ந்துகொள்கின்றன. வலிப்புக்காக பெனிற்ரோயின் மாத்திரை எடுப்பவராயின் அம்மருந்தே முரசைத் தடிக்கச் செய்யும்.

பல் வைத்தியரிடம் போவதற்கு நம்மவர் கொண்டிருக்கும் அளவுகோல் சூத்தையும் வலியும்தான். சூத்தை இவர்களுக்கு அருமை. வலியோ சொல்லப்படுவதில்லை. பிரான்சின் கிளெர்மோன்-பெரான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஹென்கன் குழுவினர் 2000ஆம் ஆண்டில் லான்செற் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு வலி தெரியாது என்ற பழைய நம்பிக்கையை அது மறுத்தது. குளிர்ச்சியை உடலில் வைத்துப் பார்த்தபோது அவர்கள் அதனை உணர்ந்தார்கள். வெளிப்படுத்த அதிக நேரம் எடுத்தது, எந்த இடம் என்று காட்டுவதிலும் தெளிவு குறைவாயிருந்தது. தம்பி கன்னத்தில் அடித்துக்கொண்டது அவனது பிடிவாதம் என்றே ஊரார் சொன்னார்கள். முதற்கட்டுரை எழுதும் இளம் நிருபரைப் போல, செய்தி அவனிடம் இருந்தது, வசனம் அமையவில்லை.

மெல்லுதல் என்பதைப் பற்றி நாம் எவரும் சிந்திப்பதில்லை. அது நடக்கும் வரையில் சிந்திக்கத் தேவையுமில்லை. சோற்றுக் கவளம் வாய்க்குள் போனதும் நாக்கு அதனைப் பக்கத்துக்குத் தள்ள வேண்டும்; கொடுப்புப் பற்கள் மேலும் கீழுமாகச் சந்தித்து அரைக்க வேண்டும்; கன்னம் அதனை வெளியே சிதறாமல் பிடிக்க வேண்டும்; அரைத்தது உமிழ்நீரில் குழைந்து உருண்டையானதும் நாக்கு அதனைப் பின்னே அனுப்ப வேண்டும். டவுன் சின்ட்ரோமில் மேற்றாடை சிறியது. ஆகவே சாதாரண அளவான நாக்கும் அந்த வாய்க்குப் பெரிதாகி முன்னே துருத்துகின்றது. தசைகள் தளர்ந்தவை. கீழ்த்தாடை முன்னே நிற்பதால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்க வேண்டிய இடத்தில் சந்திப்பதில்லை. ஆகவே ஒருவருக்கு எத்தனை பற்கள் இருக்கின்றன என்ற கணக்கைவிட, எத்தனை சோடிகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்ற கணக்கே மெல்லுதலைத் தீர்மானிக்கின்றது. இருபது பல் இருந்தும் இரண்டு சோடி மாத்திரமே தொட்டால் அந்த இரண்டு சோடிதான் அவரது அம்மி.

அரைபடாதது என்னவாகும்? முழுதாக விழுங்கப்படும். புரைக்கேறும். சில வேளைகளில் மூச்சுக்குழாயை அடைக்கும். அல்லது சிறிது சிறிதாகச் சுவாசப்பைக்குள் இறங்கிச் சளிச்சுரமாக மாறும். இவர்களில் வயது சென்றவர்களின் மரணங்களில் சுவாசத் தொற்றுக்கு முக்கிய இடம் இருப்பதற்கு இதுவும் ஒரு வழி. மேற்சொன்ன கிளெர்மோன்-பெரான் குழுவினரே 2008இல், பற்கள் சரியாகச் சந்திக்கும்படி செய்யப்பட்ட ஒரு தகட்டை வளர்ந்தவர்களுக்கு அணிவித்தபோது மெல்லுதல் மேம்பட்டதைக் காட்டினார்கள். மெல்லத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு மெல்லுவதற்கான மேடைதான் இல்லாதிருந்தது என்று அதனை நான் விளங்கிக்கொள்கின்றேன்.

தம்பியை முதலில் கொண்டுசென்ற தனியார் சிகிச்சை நிலையத்தில், நாற்காலியில் ஏற்ற முன்னரே “இப்படியானவர்களுக்கு இங்கே செய்ய வசதியில்லை” என்றார்கள். இரண்டாவது இடத்தில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, மயக்க மருந்து கொடுத்து எல்லாப் பற்களையும் ஒரேயடியாகக் கழற்றிவிடலாம், பிறகு தொல்லையில்லை என்றார்கள். தொல்லை யாருக்கு இல்லை என்று கேட்கத் தங்கைக்கு வாய் வரவில்லை. வீடு திரும்பி எனக்குச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பொய்ப்பல் கட்டுவது நம் அம்மம்மாமாருக்குச் சரிவந்திருக்கலாம். பொய்ப்பற்தட்டு நிற்பது அண்ணத்தின் வடிவாலும் நாக்கின் ஒத்துழைப்பாலும். சிறிய மேற்றாடையும் முன்னே தள்ளும் நாக்கும் உள்ள வாயில் அது நிற்பது கடினம். பழகிக்கொள்ளும் பொறுமையை எல்லோரிடமும் எதிர்பார்க்கவும் இயலாது. ஆகவே ஆடாத கொடுப்புப் பல் ஒவ்வொன்றும் இவர்களுக்குப் பொன். பொது மயக்க மருந்தும் இலேசான காரியமன்று. இருதயக் குறைபாடு, சிறிய சுவாசப் பாதை, கழுத்தின் மேலிரு எலும்புகளுக்கிடையே சிலருக்கு இருக்கும் தளர்வு, இவற்றையெல்லாம் பார்த்தே கொடுக்க வேண்டும். தேவையான இடத்தில் அது பெரும் உதவி. நேரத்தை மிச்சப்படுத்தும் குறுக்கு வழியாக அது ஆகக்கூடாது.

மூன்றாவதாகப் பார்த்தவர் அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் இளம் பல் வைத்தியர். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார். பேராதனையில் படித்தவர் என்று அறிந்தபோது எனக்கொரு தனி மகிழ்ச்சி. நான் அங்கே கலைப்பீடத்தில் இருந்த நாட்களில் பல் மருத்துவ பீடத்து மாணவர்கள் எங்களைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பயிற்சிக்கு வாயைத் திறக்க வைப்பார்கள். கலைப்பீடத்தார் நாட்டுக்குச் செய்த சேவைகளில் அதுவும் ஒன்று.

அவர் முதல் நாள் எதுவும் செய்யவில்லை. தம்பியை நாற்காலியில் இருத்தி, அதனை ஏற்றி இறக்கிக் காட்டி, சிறு கண்ணாடியை அவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் பற்களை விரலால் எண்ணினார். சொல்வது, காட்டுவது, பிறகு செய்வது என்ற முறை அது. ஒவ்வொரு முறையும் வரிசையில் முதலாவது இலக்கத்தைத் தந்தார். காத்திருந்து களைத்துப்போனால் ஒத்துழைக்கமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவன் இருதயத்தைப் பற்றி விசாரித்தார். சில வகை இருதயக் கோளாறு உள்ளவர்களுக்குப் பல் பிடுங்குமுன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தாக வேண்டும், இல்லையேல் முரசிலிருந்து கிருமிகள் இரத்தத்தில் ஏறி இருதயத்தில் தங்கிவிடக்கூடும். கழுத்தைப் பின்னால் அதிகம் மடிக்காமல் ஒரு சிறு தலையணை வைத்தார். மூன்றாம் முறை, விறைப்பூசி போட்டு, கீழே ஆடிக்கொண்டிருந்த நான்கு முன்பற்களையும் எடுத்தார். தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையார் பாட்டுப் பாடினாள். கொடுப்புப் பற்களில் ஐந்து சோடி காப்பாற்றத் தக்கவை என்று சொல்லி, காறையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். மூன்று மாதத்துக்கொருமுறை வரச் சொன்னார். நான்கு ஆண்டுகளாக அவர்கள் ஒருமுறையும் தவறவில்லை. இடையில் ஒரு சோடி போயிற்று, நான்கு இருக்கின்றன.

இங்கே அமைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை பெருமைக்குரியது. நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பயிற்சிக் கல்லூரி தொடங்கி, பற்சிகிச்சையாளர்களை உருவாக்கி, கிராமத்துப் பிள்ளைகளின் பற்களைக் காத்த வரலாறு அது. ஆனால் அச்சேவை 3 வயது முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்குரியது. பாடசாலைக்கே போகாத பிள்ளை அதில் எங்கே வரும்? போனாலும், முரசு நோய் முற்றுகின்ற இருபதுகளில் அந்தப் பிள்ளை வீட்டுத் திண்ணையில் இருக்கும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996இல் நிறைவேறியது, ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இரண்டும் நல்ல தாள்கள். படுவான்கரையிலோ, 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, வாவியைக் கடக்கவே பாதையில் ஏறி நிற்க வேண்டியிருந்தது. பாதை என்றால் எங்களூரில் இயந்திரம் பூட்டிய மிதவை. ஆடுகின்ற மிதவையில் தம்பி ஏறமாட்டான். பெரியம்மா அவனை வைத்தியரிடம் கொண்டுபோகாததற்கு அறியாமை என்று எவரும் பெயர் சூட்ட வேண்டாம்.

பல் தீட்டுவதைப் பற்றித் தங்கை கற்றுக்கொண்டதை இங்கு எழுதினால் வேறு வீடுகளுக்கும் உதவலாம். முகத்துக்கு நேரே நின்று தீட்டினால் அவன் தலையைத் திருப்புவான். ஆகவே அவனைக் கதிரையில் இருத்தி, கண்ணாடிக்கு முன் தான் பின்னால் நின்று, அவன் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்து, இடக்கையால் உதட்டை விலக்கி வலக்கையால் தீட்டுகின்றாள். அவனே தீட்டும்போது பிடிக்க வசதியாகத் தூரிகையின் காம்பில் துவிச்சக்கரவண்டிக் கைபிடியின் இறப்பரை மாட்டியிருக்கின்றாள். முதலில் அவன் தீட்டுவான், பிறகு அவள். முரசில் இரத்தம் வந்தால் நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் அவளுக்கு ஏற்கக் கடினமாயிருந்த பாடம். இரத்தம் வருவது அங்கே அழுக்கு இருப்பதன் அடையாளம். மெதுவாக, ஆனால் தவறாமல், அவ்விடத்தைத்தான் தீட்ட வேண்டும்.

உணவைப் பற்றியும் சொல்கின்றேன். விழுங்கச் சிரமப்படுவோருக்கான உணவின் பதத்தை 0 முதல் 7 வரை படிநிலைகளாக வகுத்த ஒரு சர்வதேச முறை 2015இலிருந்து வழக்கில் உள்ளது. அதில் ஆறாம் படியில் வளர்ந்தவருக்குரிய துண்டு ஒன்றரைச் சென்றிமீற்றருக்கு மேற்படக் கூடாது; முள்ளுக்கரண்டியால் அழுத்தினால் நசிய வேண்டும். ஐந்தாம் படியில் 4 மில்லிமீற்றர், அதாவது முள்ளுக்கரண்டிப் பற்களின் இடைவெளி. நம் சமையலறையில் இதற்குப் பொருத்தமானவை ஏராளம்: குழைத்த சோறு, பருப்பு, முள் நீக்கிய மீன், மசித்த பூசணி, தயிர். ஆபத்தானவையும் உண்டு. சொதி விடாத உதிர்ப் பிட்டு, தொண்டையில் ஒட்டும் தொதல், உருண்டைக் கச்சான், நாருள்ள பலாச்சுளை. பல் போன பின் வெற்றிலையை உரலில் இடித்துப் போட்டுக்கொண்ட அம்மம்மாவைக் கண்ட நமக்கு இந்த விஞ்ஞானம் புதிதன்று. (வெற்றிலை பல்லுக்கு உறுதி என்று இவர்களுக்கும் அன்பாக மடித்துக் கொடுக்கும் பெரியவர்கள் எம்மூரில் உண்டு. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் வகைப்படுத்தி இருபது ஆண்டுகளாகின்றன. கொடுக்க வேண்டாம்.) எல்லாவற்றையும் கஞ்சியாக அரைத்துக் கொடுப்பதும் சரியன்று. மெல்லக்கூடியவனை மெல்ல விட வேண்டும். மெல்லாத தசை மேலும் தளரும். தம்பிக்கு நண்டு இப்போதும் உண்டு. ஓடு நீக்கி, சதையை உதிர்த்து, சோற்றில் பிசைந்து. ஓட்டைத் தேடி அவன் கோபிப்பதும் உண்டு.

எட்டுக் கிலோவில் ஆறு திரும்பிவிட்டது.

இனி வரப்போவதுதான் தங்கையின் கவலை. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஐம்பதுகளிலேயே அல்சைமர் மறதி நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். அந்நோயின் போக்கில் ஒருநாள் வாயில் வைத்த கவளத்தை மெல்லுவதற்கே மறந்துபோகும். அவள் இதனை வைத்தியரிடம் நேராகவே கேட்டறிந்திருக்கின்றாள். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. சீனி வருத்தமும் உண்டு. வீடு இனி அவள் மகளுக்குரியது. சென்ற ஆவணியில் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தபோது நானும் போயிருந்தேன். நகை, வளவு, வயற்காணி எல்லாம் பேசி முடிந்த பின், மாப்பிள்ளையின் தாய் திண்ணையிலிருந்த தம்பியைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, “மாமாவும் இஞ்சதானா?” என்று கேட்டார்.

தங்கை பதில் சொல்ல முன்னர் மகள் சொன்னாள்: “ஓம் மாமி. பின்னேரம் பல்லுத் தீட்டிற நான்தான்.”

அந்த அம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, வெற்றிலை வட்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மாமாவுக்கு என்ன கறி பிடிக்கும் என்று விசாரித்தார்.